இரண்டு மூடி அரிஷ்டம்

அத்தியாயம் 17

இதனால் விஷ்ராந்த்வாடி, கட்கி, திகி, ஆளந்தி ரோடு வட்டாரங்களில் வாழும் தமிழ்ப் பக்த கோடிகள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்ரீ பக்த ஜன ஸங்கீர்த்தன மண்டலியின் தலைவரும், பாதுகாப்புத் துறையில் முப்பத்தைந்து வருடம் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவரும், இவ்வட்டாரத்தின் ஆன்மீகத் தூணுமாகிய பிரம்மஸ்ரீ கிருஷ்ணஸ்வாமி அவர்கள், மது என்னும் அரக்கனின் பிடியிலிருந்து ஒரு சுமங்கலியை மீட்கும்பொருட்டு மேற்கொண்ட நாற்பத்தெட்டு நாள் மகாவிரதம் இனிதே பூர்த்தியாகிறது. மீட்கப்பட்ட சுமங்கலியே நேரில் தோன்றி முதல் தீர்த்தம் பெற்றுக்கொள்வார். அன்னாரின் மானம் கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை. அவர் மண்டலித் தலைவரின் ஒரே மகள் ஆவார். விழா முடிவில் சாப்பாடு உண்டு. செருப்புகளுக்கு மண்டலி பொறுப்பேற்காது.

பெயர் வெளியிடப்படாத அந்தச் சுமங்கலி, கிரிஜா, வயது நாற்பத்து நான்கு, வங்கிக் குமாஸ்தா, ஞாயிறு காலை ஏழு மணிக்கு இந்த நோட்டீஸை மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டு, அதைச் சமையல் மேடையில் விரித்து அதன்மேல் பீன்ஸ் நறுக்கினாள்.

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிஜா குடிப்பதை விட்டு இந்த ஞாயிறோடு சரியாக ஒரு வருடம். அவள் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கிருஷ்ணஸ்வாமிக்கு அது தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்கும் கலையில் அவர் தேர்ந்தவர். அவள் விட்டுப் பத்து மாதமான பிறகுதான், மகள் ஞாயிறுதோறும் கசார்வாடியில் ஏதோ குடிகாரிகள் கூட்டத்துக்குப் போகிறாள் என்ற செய்தி மண்டலி வழியாக அவர் காதுக்கு வந்தது. உடனே விரதம் தொடங்கினார். காய்ச்சல் போன பிறகு ஊசி போடுகிற டாக்டரைப் போல. ஊசி போட்டவருக்குத்தானே பெயர்.

அவள் கணவன் பாலசுப்ரமணியன் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். குடும்பத்தில் என்றைக்குச் சச்சரவு வரப்போகிறது என்று அந்தத் தொழிற்சாலைக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு ஷிப்ட் போட்டுவிடுவார்கள். இந்த ஞாயிறும் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி வந்து, இன்றோடு ஒரு வருடம் ஆகிறதல்லவா என்று கேட்டான். ஆமாம் என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பாலசுப்ரமணியன் அளவில் அது ஒரு பிரசங்கம்.

கிரிஜாவின் திட்டம் எளிமையானது. பத்து மணிக்கு அப்பாவின் விழா. பதினொன்றேகாலுக்குக் கிளம்பிவிட வேண்டும். பன்னிரண்டரைக்குக் கசார்வாடியில் அவளுடைய கூட்டம். அங்கே அவளுக்கு முதல் பிறந்தநாள். ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர்களுக்கு அப்படித்தான் பெயர்.

விழாவுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் அப்பா இந்த முறை "வா" என்று சொல்லவில்லை. "வரியா?" என்று கேட்டிருந்தார். எழுபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி போட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவாவது போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பயம் ஒன்றே ஒன்றுதான். அப்பா கையை நீட்டினால் அவள் கையும் தானாக நீண்டுவிடும். நாற்பத்து நான்கு வருடப் பழக்கம். மது ஒரு வருடத்தில் விட்டுவிட்டது, இது விடவில்லை.

விழா நடந்த இடம் ஆளந்தி ரோட்டில் ஒரு மங்கள் கார்யாலயம், அதாவது நம்மூர்க் கல்யாண மண்டபம். வாசலில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. உள்ளே இருநூறு பேர். நாற்பத்தெட்டு நாளுக்கு முன்பு மண்டலியின் கூட்டம் முப்பதைத் தாண்டியதில்லை. விரதம் தொடங்கியபின் நாளுக்கு நாள் ஏறியது. மிருதங்கம் வாசிக்கும் ரவிசந்திரன், இதற்குமுன் ஏகாதசிக்குக்கூட எட்டிப் பார்க்காதவர், ஒரு நாள் விடாமல் வந்து, தீர்த்தம் வாங்கி, மறுபடியும் வரிசையில் நின்று வாங்கி, கண்ணில் நீர் வழியப் பாடிவிட்டுப் போனார். விரதத்தின் மகிமை என்று கிருஷ்ணஸ்வாமி மைக்கில் சொன்னார். ரவிசந்திரன் எழுந்து நின்று கும்பிட்டார். கொஞ்சம் சாய்ந்து நின்றார்.

கிரிஜா மகள் அம்முவை அழைத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். கூட்டத்தின் பார்வையிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அம்முவுக்குப் பதினேழு வயது. தமிழ் பேசுவாள், நடுநடுவே ஹிந்தியில் மூச்சு வாங்கிக்கொண்டு. தமிழ் நோட்டீஸைப் படிக்கத் தெரியாதது இன்றைக்கு அவளுடைய பாக்கியம்.

அங்கே ருக்மிணி மாமி தீர்த்தம் கலந்துகொண்டிருந்தார். மண்டலியில் முதல் குரல் மாமியுடையது. வெள்ளிக் குடத்தில் தண்ணீர், துளசி, பச்சைக் கற்பூரம், ஏலக்காய். பிறகு ஒரு பழுப்புநிறப் பாட்டிலின் மூடியைத் திருகி, மாமி பாதியைக் குடத்தில் கவிழ்த்தார்.

வாசனை கிரிஜாவை அடைந்தது. மூளைக்குப் போவதற்கு முன் நாக்குக்குப் போனது. வாய் ஊறியது.

அவள் பத்திரமாக நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். இது என்ன மாமி என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மாமி பெருமையோடு விளக்கினார். விரதப் புத்தகத்தில் தினமும் திராட்சைச் சாறு நைவேத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறது. இப்போது திராட்சைப் பருவம் இல்லை. டப்பாவில் வருகிற சாறு திறந்த மறுநாளே கெட்டுப்போகிறது. யோசித்துப் பார்த்து உன் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். திராட்சாரிஷ்டம். திராட்சையும் ஆச்சு, மருந்தும் ஆச்சு, மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. நாற்பத்தெட்டு நாளும் ஸ்வாமிக்கு அதுதான். பிறகு எல்லாருக்கும் அதுதான்.

"முதல்ல வெறும் வாசனைக்குத்தான் விட்டோம்," என்றார் மாமி. "எல்லாரும் நன்னா இருக்கு, நன்னா இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா. கூட கொஞ்சம் விடறேன்."

அம்மு பாட்டிலை எடுத்து லேபிளை ஆங்கிலத்தில் படித்தாள். "அம்மா, இதுல ஆல்கஹால்னு லிக்கா ஹை, எழுதிருக்கு. தானாவே உண்டாகுமாம். பன்னண்டு பர்சென்ட் வரைக்கும்."

"அது மருந்துடி குழந்தே," என்று மாமி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மருந்துதான். கிரிஜாவுக்குத் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயதில் அம்மா இறந்தாள். டைபாய்டு. ஆனால் அப்போதைய மண்டலிப் பெரியவர் ஒருவர், ஜாதகம்கூடப் பார்க்காமல், தீட்டு நாளில் இந்தப் பெண் பூஜை அறைக்குள் போனதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். போனது நிஜம். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது, விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்து ஏற்றப் போனாள். கிருஷ்ணஸ்வாமி அந்தப் பெரியவரை மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக மகளுக்கு விரதங்கள் விதித்தார். திங்கள் ஒரு தெய்வம், வெள்ளி ஒரு தெய்வம், சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று, வாரத்தில் எந்தக் கிழமையானாலும் யாரோ ஒரு கடவுளுக்கு அவள் சாப்பிடுவது பிடிக்காமல் போயிற்று. விடியற்காலையில் ஈரப் புடவையோடு நூற்றெட்டுச் சுற்று. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. அப்பா அலமாரியிலிருந்து ஒரு பழுப்புநிறப் பாட்டிலை எடுத்து, மூடியில் ஊற்றி, இரண்டு மூடி குடிக்கக் கொடுத்தார். ரத்தம் ஊறுமாம். வயிற்றில் சூடு பரவியது. பயம் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தது. அந்த வீட்டில் அம்மாவுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் கருணை அந்த இரண்டு மூடிதான். கருணை வேண்டியிருந்தபோதெல்லாம் அலமாரிக்குப் போனாள். இரண்டு நாலாயிற்று. பிறகு வேலை, கல்யாணம், வங்கி. எவர்சில்வர் டம்ளர், பிராந்தி. அந்தக் கதையை இந்தத் தொடரின் வாசகர்கள் பதினாறு வாரமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கிரிஜா மண்டபத்தை விட்டு வெளியே வந்து, எதிர்ச்சாரி மளிகைக் கடையில் தொங்கிய சிவப்புப் பெட்டி போனில் ஒரு ரூபாய் போட்டுப் பவுனைக் கூப்பிட்டாள்.

பவுன் கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி வந்து முப்பது வருடம். ஒரு காலத்தில் ஒர்க்ஷாப் ஆட்களோடு சமமாக நாட்டுச்சரக்கு குடித்தவள். விட்டு ஒன்பது வருடம். கிரிஜா கூட்டத்துக்கு வந்த முதல் மாதம், நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்றை நம்ப வேண்டும் என்று அங்கே சொன்னதைக் கேட்டு, கடவுள் வாசனையே ஆகாது என்று எழுந்து போகப் பார்த்தாள். பவுன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உங்க வூட்டுச் சாமி சரியில்லன்னா வேற வச்சுக்க, என்றாள். எனக்கு கார்ப்பரேஷன் பஸ்ஸுதான். என்னவிடப் பெருசு. நான் ஓட்டல. நான் கத்துனா வராது, ஆனா வரும். அதுக்குமேல சாமியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்று இரவு கிரிஜா பல வருடத்துக்குப் பிறகு கடவுளைப் பற்றி நினைத்துச் சிரித்தாள். கூரை இடிந்து விழவில்லை.

போனில் கிரிஜா நடந்ததைச் சொன்னாள். வாய் ஊறியதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஊறுனா ஊறட்டும். துப்பிடு," என்றாள் பவுன். "சாமி குடுத்துச்சா, சாராயக்கடைக்காரன் குடுத்தானான்னு வயித்துக்கு ஆள் தெரியாது கண்ணு. அது பாட்டுக்கு வேலையப் பாக்கும்."

"எல்லார் முன்னாடியும் அப்பா கை நீட்டுவார் பவுனக்கா. வேண்டாம்னு சொன்னா, அவருக்கு..."

"அவருக்கு என்ன ஆவுதுன்னு அவர் சாமி பாத்துக்கும். அத்தினி பூஜ பண்ணியிருக்காரு இல்ல? நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டு சிக்ஸ் சீட்டர் ஆட்டோ ஏறு."

கிளம்பி நேராகப் போய்விடலாமா என்று கிரிஜா ஒரு நிமிடம் யோசித்தாள். அப்படிப் போனால் அப்பா பார்க்காமல் போனதாக ஆகும். இத்தனை வருடமும் எல்லாம் அவர் பார்க்காமல்தான் நடந்தது. அவள் மண்டபத்துக்குள் திரும்பினாள்.

பதினொரு மணிக்குக் கிருஷ்ணஸ்வாமி மைக்கைப் பிடித்தார். பஞ்சகச்சம், உடம்பெல்லாம் விபூதி, கழுத்தில் மூன்று வகை மாலை. நாற்பத்தெட்டு நாள் தாம் உப்பில்லாமல் சாப்பிட்டதையும், தரையில் படுத்ததையும், இடுப்பு வலியையும் இருபது நிமிடம் விவரித்தார். மகள் ஒரு வருடம் பட்ட பாட்டைப் பற்றி அரை நிமிடம். பிறகு வெள்ளிக் குடத்தைக் கையில் எடுத்து, உத்தரணியை நிரப்பி, கிரிஜாவை அழைத்தார்.

கூட்டம் பிளந்து வழி விட்டது. இருநூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். இருநூறு பேரில் நூற்றுத்தொண்ணூறு பேருக்கு அவள் மானத்தில் அக்கறை இருந்தது, அதனால் நன்றாகப் பார்த்தார்கள்.

அவள் அப்பா முன்னால் நின்றாள். அவர் கை நீண்டது. அவள் வலது கையும் எழுந்தது, தானாகவேதான். உள்ளங்கை குழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது. பிறகு அதை மடக்கிக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம்ப்பா."

"தீர்த்தம்டி."

"தெரியும். இதுல அரிஷ்டம் கலந்திருக்கு. ஆல்கஹால் இருக்கு. நான் குடிக்கறதில்லே."

மைக் அணைக்கப்படவில்லை. ஆகவே இந்த உரையாடல் செருப்புகள் வரைக்கும் கேட்டது.

கிருஷ்ணஸ்வாமியின் முகத்தில் விபூதி விரிசல் விட்டது. மண்டலித் தலைவராக இருந்த இருபது வருடத்தில் அவர் கையிலிருந்து தீர்த்தம் திரும்பியதில்லை. அவர் தன்னிடமிருந்த பழைய ஆயுதத்தை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று எடுத்துத் துடைத்து வைக்கிற ஆயுதம்.

"உன்னாலே உன் அம்மா போனா. அதுக்கப்புறமும் உனக்குப் புத்தி வரலே."

இருபத்தொன்பது வருடமாக அந்த வாக்கியம் முடிந்ததும் கிரிஜா தலையைக் குனிவாள். குனிந்த தலை குடிக்கத்தான் நிமிரும். இன்றைக்கு அவள் குனியக் காத்திருந்தாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"அம்மா டைபாய்டுல போனாப்பா," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "விளக்கு அணைஞ்சிருந்தது. நான் ஏத்தினேன். அவ்வளவுதான் நடந்தது."

வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்த மிருதங்க வித்துவான் ரவிசந்திரன், ஆல்கஹால் என்று காதில் விழுந்ததை மனதுக்குள் நன்றாகப் பரிசீலித்து முடித்துவிட்டு, கிரிஜாவின் தோளுக்கு மேலாகத் தன் கையைக் குழித்து நீட்டினார்.

"மாமா, அவளுக்கு வேண்டாம்னா இங்கே விடுங்கோ," என்றார்.

கிரிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அது வயிற்றிலிருந்து வந்தது. இரண்டு மூடி அரிஷ்டம் இறங்கிய அதே இடத்திலிருந்து, அதைவிடச் சூடாக. அம்முவும் சிரித்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ. மாமிகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிரிஜா அப்பாவைக் கீழே விழுந்து நமஸ்கரித்தாள். சிரிப்போடு நமஸ்கரிப்பது கஷ்டம், செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுந்து, கசார்வாடிக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சாப்பாடு ஆரம்பிக்க இன்னும் முக்கால் மணி இருந்ததால் வேறு யாரும் கிளம்பவில்லை.

போபோடி வரை ஒரு சிக்ஸ் சீட்டர், அங்கிருந்து இன்னொன்று. ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினோரு பேர். அம்மு கூட வந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருடமாக அம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள் என்று தோழிகள் கேட்டால் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவந்த பெண். வண்டி குலுங்கியபோது அம்மாவின் காதருகே, டைபாய்டுதான் என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

எப்போதுமே தெரியும் என்றாள் கிரிஜா. இன்றைக்குத்தான் சொன்னேன்.

கூட்டம் நடப்பது ஒரு மராத்திப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறையில். ஏழு வயதுக் குழந்தைகளுக்கான பெஞ்சுகள். பதினான்கு பெண்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்: ஒரு மராத்தி நர்ஸ், ஒரு சிந்திப் பெண்மணி, இரண்டு ஒர்க்ஷாப் தொழிலாளிகள், கணவன் கர்னல் என்பதை மாதம் ஒருமுறை மட்டும் சொல்லும் ஒரு பஞ்சாபி. இங்கே மைக் கிடையாது. மாலை கிடையாது. யாரும் யாரையும் மீட்கவில்லை. சுவரில் மராத்தி உயிரெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பழம்.

மேஜைமேல் கேக். மேலே பிங்க் நிறத்தில் ஒரு பெரிய 1. மெழுகுவர்த்தியைப் பற்ற வைக்க நாலு தீக்குச்சி ஆயிற்று, ஈர மாதம். எல்லோரும் அவரவர் பாஷையில் பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். சுருதி சேரவில்லை. ருக்மிணி மாமி கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்.

கிரிஜா எழுந்து பேச வேண்டும். எழுதி வைத்திருந்தாள், காகிதம் அந்த மண்டபத்திலேயே எங்கோ விழுந்துவிட்டது. என் பெயர் கிரிஜா, நான் ஒரு குடிகாரி, இன்றோடு ஒரு வருடம், என்று ஹிந்தியில் தொடங்கினாள். இன்று காலை சாமி எனக்கு ஒரு உத்தரணி கொடுத்தார், நான் போதும் என்று சொல்லிவிட்டேன் என்றாள். மிருதங்க வித்துவான் கை நீட்டிய இடத்தில் சிந்திப் பெண்மணி பெஞ்சிலிருந்து வழுக்கினாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கிரிஜா விளக்கைப் பற்றிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் உச்சுக்கொட்டவும் இல்லை. அவர்களில் பாதிப் பேரிடம் அணைந்த விளக்கு ஒன்று இருந்தது.

"இனிமேல் பிரார்த்தனை பண்ணுவேனா என்று தெரியாது," என்று முடித்தாள். "ஆனால் பயப்பட மாட்டேன் என்று தோன்றுகிறது. பஸ்ஸைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை."

பவுன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கண்ணைத் துடைப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று. அதனால் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "தாத்தா."

வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. கிருஷ்ணஸ்வாமி இறங்கி நின்றார். பஞ்சகச்சம் முழங்கால் வரை நனைந்திருந்தது. மழையில் விபூதி பாதி கரைந்து, ஆன்மீகத் தூண் பழைய சுவரைப்போலத் தெரிந்தது. சாப்பிடாமல் வந்திருந்தார். அதைவிட ஆச்சரியம், தனியாக வந்திருந்தார்.

அறையில் யாருக்கும் அவரைத் தெரியாது. நனைந்து, நடுங்கி, உள்ளே வரத் தயங்கி நிற்கிற மனிதர்களைப் பவுனுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருட அனுபவம்.

"வாங்கய்யா, பயப்படாதீங்க. இது பொம்பளைங்க மீட்டிங்," என்றாள். "உங்களுதுக்கு சாயங்காலம் ஆறு மணி, இதே ரூமு. அதுவரைக்கும் இதப் படிச்சிட்டிருங்க." ஒரு துண்டுத் தாளை அவர் கையில் வைத்தாள். தமிழிலேயே இருந்தது. நீங்கள் குடிக்கு அடிமையா என்று உங்களையே கேட்டுக்கொள்ள இருபது கேள்விகள்.

கிரிஜா பவுனைத் தடுக்க வாயைத் திறந்தாள். அப்பா தடுக்கவில்லை என்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

"அந்தப் பாட்டில்," என்றார். "லேபிளை இப்பத்தான் படிச்சேன். முப்பது வருஷமா அலமாரில இருக்கு. ஒருநாளும் படிச்சதில்லே. அப்போ உனக்கு நான்தானே முதல்ல குடுத்தேன்?"

இந்தத் தடவையும் கேள்விக்குறி இருந்தது.

இல்லை அப்பா என்று சொல்லியிருக்கலாம். வயதானவர், நனைந்திருக்கிறார், சாப்பிடவில்லை. ஆனால் பொய் சொல்வதும் குடியோடு சேர்த்து விட்ட பழக்கம்.

"ஆமாம்ப்பா," என்றாள். "உள்ள வாங்கோ. நனையாதீங்கோ."

அவர் உள்ளே வந்து, ஏழு வயதுக் குழந்தையின் பெஞ்சில், ஆன்மீகத் தூண் மடங்கக்கூடிய அளவுக்கு மடங்கி உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சூப்பரின்டெண்டுக்கே உரிய அலட்சியத்தோடு கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தார். முதல் கேள்விக்கு இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டாவதற்கும் ஆட்டினார். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தேவைப்படுகிறதா என்ற கேள்வியில் தலை நின்றது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூடி. போன தீபாவளியிலிருந்து நாலு. மருந்துதான். அவர் அந்தக் கேள்வியை மறுபடி படித்தார். பிறகு தாளை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரிலிருந்த பழங்களைப் பார்த்தார்.

ஆறு மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. அவர் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

பவுன் ஒரு காகிதத் தட்டில் கேக் துண்டு ஒன்றை வைத்து அவரிடம் நீட்டினாள். கிருஷ்ணஸ்வாமி வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ரயிலில் தளேகாவ் வரை போவதற்கே வீட்டிலிருந்து செம்பு எடுத்துப் போகிறவர். அவர் பவுனின் கையைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டார்.

கண்ணை மூடி, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. நர்ஸ் கைதட்டினாள். சிந்திப் பெண்மணி தேம்பினாள். அம்மு ஓடிப்போய்த் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தன் அப்பா தன்னோடு உட்கார்ந்து எதையோ சாப்பிடுகிறார் என்று கிரிஜா நினைத்தாள், அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள். அவர் தட்டை வழித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

கேக்கில் முட்டை இருந்தது.